மைதானத்துக்குத் தமிழ், மருந்துக்கு மொழிபெயர்ப்பாளர்: வெளிநாட்டு வீரரை மதுரைக்கு அழைத்துவரும் அணிகளுக்கு

2025 நவம்பர் கடைசியில் தொடங்கிய ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின் ஆட்டங்கள் சென்னையிலும் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்திலும் நடந்தன. மொத்தம் 24 அணிகள். அப்படிக் கூட்டமாக வருகிறவர்களுக்கு மொழி ஒரு பெரிய பாடு இல்லை. பயிற்சியாளர், மருத்துவர், மேலாளர் எல்லோரும் அவர்கள் ஊர்க்காரர்கள். இரண்டு வாரத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். பாடு படுவது தனியாளாக வருகிறவர்தான்: ஒரு சீசன் முழுக்க ஆட வரும் கால்பந்து வீரர், கல்லூரி அணியோடு ஆறு மாதம் இருக்கப்போகும் கூடைப்பந்து வீரர், கபடி முகாமுக்கு வரும் ஈரான்காரர். அவரை வரவழைக்கும் மேலாளருக்கும் பயிற்சியாளருக்கும்தான் இந்தக் குறிப்புகள்.

“தமிழ் கற்றுக்கொடுப்பதா, மொழிபெயர்ப்பாளர் போடுவதா” என்று கேட்டால், வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே பதில். ஒரு நொடியில் முடிய வேண்டியதெல்லாம் வீரரின் சொந்தக் காதும் வாயும். தப்பாகப் போனால் திருத்த முடியாததெல்லாம் மொழிபெயர்ப்பாளர். “பின்னாடி ஆளு” என்ற கத்தலை யாரும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. அதேபோல மருந்துச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் அரைகுறைத் தமிழில் சமாளிக்கக் கூடாது.

எந்த மொழி என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

மதுரையில் ஆடுகிறார் என்பதற்காகத் தமிழ் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஊரில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது இருக்கட்டும், உடைமாற்றும் அறையில் எது ஓடுகிறது என்று பாருங்கள். தொழில்முறைக் கபடியில் ஹரியானா ஆட்கள் அதிகம் இருக்கும் அணியில் பேச்சு இந்தியில்தான் நடக்கும். ஈரானின் ஃபாசல் அத்ராச்சலி இந்தியில் பேட்டி கொடுக்கும் அளவுக்குத் தேறியவர், பல அணிகளுக்குத் தலைவராகவும் இருந்தவர். ஆனால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து அணி என்றால் ஏழு பேரும் தமிழ்தான். கல்லூரி அணியில் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழும் கலந்து ஓடும். இன்னொன்று: மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் நிறைய. இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவது புதியவருக்குப் புரியவில்லை என்றால், அது அவர் படித்த தமிழின் குறை ஆகாது. இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நாள் இருக்கப்போகிறார் என்பது அடுத்த கேள்வி. மூன்று வாரத்துக்குள் என்றால் கத்தல் சொற்கள் பத்து போதும், மற்றதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று முதல் ஆறு மாதம் என்றால் கீழே சொல்வது முழுவதும் தேவை. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் எழுத்தும் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுத்தில் நேரம் செலவழிப்பது வீண். 247 எழுத்து அட்டவணையை நீட்டினால் முதல் நாளே ஆள் மிரண்டுவிடுவார்.

முதல் பத்து நாள்: நாற்பது சொல்

புத்தகம் வேண்டாம். தமிழ் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களும் செயலிகளும் “செல்லுங்கள்”, “இடதுபுறம் திரும்பவும்” என்றுதான் ஆரம்பிக்கும். நம் மைதானத்தில் அப்படி யாராவது பேசி யார் கேட்டது? இங்கே “அங்கிட்டு”, “இங்கிட்டு”, “வெரசா”, “பைய”, “ஏறு”, “எறங்கு”, “தட்டு”, “வெட்டு”, “அடி”, “நில்லு”, “திரும்பு”, “பின்னாடி ஆளு”, “ஒத்தைல நிக்கிறான்”. செயலியிடம் கேட்டு எழுதினால் ஹாக்கியின் பெனால்டி கார்னர் ‘தண்டனை மூலை’ ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. கோல், ஸ்டிக், ரெய்டு, லாபி, போனஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவருக்கு அவை ஏற்கெனவே தெரிந்த சொற்கள். நம் உச்சரிப்பில் கேட்டுப் பழகினால் போதும்.

பட்டியலைப் பயிற்சியாளர் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் அவர் சொல்வதாக நினைக்கும் சொற்கள்தான் வரும். ஒரு முழுப் பயிற்சி ஆட்டத்தை ஓரத்திலிருந்து செல்போனில் ஒலிப்பதிவு செய்து, அதில் மூன்று முறைக்கு மேல் வந்ததை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டாது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று வீரர்களின் குரலில், கத்தியே, பதிவு செய்து கொடுங்கள். அமைதியான குரலில் கேட்ட “எறங்கு” வேறு, இருபது கெஜத்துக்கு அப்பாலிருந்து வரும் “றங்ங்கு” வேறு.

ஒரு நாளைக்கு நான்கைந்து சொல், 15 நிமிடம். காலைப் பயிற்சிக்கு முன்னால் ஐந்து நிமிடம், முடிந்து உடம்பு ஆறும்போது பத்து நிமிடம். பின்னதுதான் முக்கியம், ஏனென்றால் களைத்த நேரத்தில் முதலில் மறப்பது புதுமொழி. சோதிக்கும் முறை எளிது: வீரர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், பின்னாலிருந்து ஒருவர் கத்த வேண்டும், கேட்டவுடன் கால் நகர வேண்டும். அர்த்தம் சொல்லச் சொல்லாதீர்கள். மனசுக்குள் மொழிபெயர்த்துவிட்டு நகர்கிறார் என்றால் அந்தச் சொல் இன்னும் ஏறவில்லை. ஐந்து ஓட்டம் ஓடவைத்து, மூச்சு வாங்கும்போது மறுபடி சோதியுங்கள்.

இங்கே தமிழில் ஒரு பொறி இருக்கிறது. நம் மொழியில் ‘கூடாது’ என்பது சொல்லின் வாலில் வரும். விடு, விடாத. அடி, அடிக்காத. போ, போகாத. கூட்டம் கத்தும்போது தேய்ந்துபோவது அந்த வால்தான். கபடியில் “விட்ராத” என்று கத்தினால் புதியவர் காதில் “விட்ரு” என்று விழுந்து, பிடித்த காலை விட்டுவிடுவார். நாம் பிறந்ததிலிருந்து கேட்ட பழக்கத்தில் ஊகித்துக்கொள்கிறோம், அவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் மைதானச் சொற்களில் எதிர்மறையே இருக்கக் கூடாது என்று அணி முழுவதும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “விடாத”வுக்குப் பதில் “பிடி”, “போகாத”வுக்குப் பதில் “நில்லு”, “அடிக்காத”வுக்குப் பதில் “வச்சிரு”. இதில் மாற வேண்டியது வெளிநாட்டுக்காரர் இல்லை, நம் பையன்கள். பதினைந்து வருடப் பழக்கம் பத்து நாளில் போகாது. பயிற்சியில் “விடாத” என்று கத்தியவனுக்கு இரண்டு சுற்று ஓட்டம் என்று வைத்தால் சீக்கிரம் போகும்.

எண்களிலும் இதே வம்பு உண்டு. எட்டும் பத்தும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். பெனால்டி கார்னருக்கு எண்ணில் குறி வைத்திருந்தால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள், அல்லது கைச்சைகைக்கு மாறுங்கள். பயிற்சி நேரம் சொல்லும்போது “ஆறே கால்” என்றால் ஆறு மணியோடு காலுக்கு என்ன உறவு என்று குழம்புவார். முதல் மாதம் நேரத்தை எழுத்தில், இலக்கத்தில் அனுப்புங்கள்: 6:15.

‘டா’ போடலாமா

சொற்கள் ஏறினதும் அடுத்த இடறல் மரியாதை. பயிற்சியாளர் “வாடா” என்பார், சக வீரன் “மாப்ள” என்பான், மேலாளரை எல்லோரும் “அண்ணே” என்பார்கள். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வதுதான் மொழி கற்கும் வழி என்பதால், ஒரு நாள் அவர் பயிற்சியாளரைப் பார்த்து “வாடா மாப்ள” என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரித்துவிட்டால் தப்பில்லை என்று நினைத்து, அதையே நடுவரிடமும் சொல்வார். விதி இப்படி இருக்கட்டும்: கோட்டுக்குள்ளே வெறும் ஏவல் போதும், “ங்க” சேர்க்க நேரமில்லை, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோட்டுக்கு வெளியே வந்ததும் எல்லோருக்கும் “ங்க”. வயதில் மூத்தவர் அண்ணே, இளையவர் தம்பி, பயிற்சியாளர் சார் அல்லது மாஸ்டர். “மாப்ள”, “பங்காளி” எல்லாம் அவன் முதலில் கூப்பிட்ட பிறகு, அவனிடம் மட்டும். “டா” வெளியே வரவே வேண்டாம்.

கூடவே மூன்று வழக்கங்களையும் சொல்லிக்கொடுங்கள். கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்”. வெறும் “போறேன்” என்றால் வயதானவர்களுக்கு முகம் மாறும். “பார்க்கலாம்” என்று நிர்வாகி சொன்னால் பாதி நேரம் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். இலையில் சாப்பிடும்போது “போதும்” என்று வாயால் மட்டும் சொன்னால் இன்னொரு கரண்டி விழும், கையை இலைக்கு மேலே மறிக்க வேண்டும்.

இதெல்லாம் ஒட்ட வேண்டுமானால் அறைத்தோழன் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும். ஜப்பானின் சுமோவில் வெளிநாட்டு வீரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரே கிடையாது. பயிற்சிக்கூடத்திலேயே தங்கி, சமைத்து, பெருக்கி, மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்து மொழியைப் பிடிக்கிறார்கள். ஒரு கூடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்தான் என்ற கட்டுப்பாடும் 2002 முதல் உண்டு. அந்தக் கடுமையை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் ஒரே நாட்டுக்காரர்கள் இருவரை ஒரே அறையில் போட்டால் சீசன் முடியும்வரை இருவரும் தமிழ் பேச மாட்டார்கள். நிர்ப்பந்தம் ஒரு அளவோடு நிற்கட்டும். 2008-இல் அமெரிக்காவின் எல்பிஜிஏ பெண்கள் கோல்ஃப் அமைப்பு, ஆங்கிலத் தேர்வில் தேறாத வீராங்கனைகளை இடைநீக்கம் செய்வோம் என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரத்திலேயே பின்வாங்கியது. தமிழ் வரவில்லை என்பதற்காக ஆளை உட்காரவைக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுப்பது

“நல்லா இங்கிலீஷ் பேசுவான்” என்பது தகுதி ஆகாது. பயிற்சியாளர் பேசும் இரண்டு நிமிடப் பதிவு ஒன்றைப் போட்டு, மொழிபெயர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சரிபார்க்க வேண்டியவை: எண், இடது வலது, ‘செய் / செய்யாதே’, பெயர், நேரம். அழகான ஆங்கிலம் பேசி இடதை வலதாக்குகிறவரை விட, திக்கித் திக்கி இவற்றைச் சரியாகச் சொல்கிறவர் மேல். பிறகு திருப்பியும் சோதியுங்கள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு.

சக வீரரை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். பணம் மிச்சமாகும், ஆனால் இடைவேளையில் மொழிபெயர்ப்பதிலேயே கவனம் போய், தனக்குச் சொன்னதை அவன் கேட்க மாட்டான். தவிர, அதே இடத்துக்குப் போட்டியிடுகிறவனாக இருந்தால் சந்தேகம் வரும். வீரரை அழைத்துவந்த ஏஜெண்டும் வேண்டாம். அவருக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வாக்கியம் சாயும்.

ஸ்பானிஷோ பாரசீகமோ தெரிந்தவர் மதுரையில் சட்டென்று கிடைக்க மாட்டார். தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷ் என்று இரண்டு கை மாறினால் நேரமும் இரட்டிப்பாகும், பிழையும் இரட்டிப்பாகும். வீரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியுமென்றால் அன்றாடப் பயிற்சிக்குப் பயிற்சியாளரே எளிய ஆங்கிலத்தில் பேசிவிடட்டும். தாய்மொழி மொழிபெயர்ப்பாளரை மருத்துவம், ஒப்பந்தம், புகார் ஆகியவற்றுக்கு மட்டும் தொலைபேசியிலோ காணொளியிலோ அழையுங்கள்.

மைதான ஓரத்தில் அவர் வேலை செய்யும் முறையையும் முன்பே பேசிவிடுங்கள். வீரரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் இருவரும் அவரையே பார்த்துப் பேசுவார்கள். “அவர் என்ன சொல்றார்னா” என்று ஆரம்பிக்கக் கூடாது. பயிற்சியாளர் “நான்” என்றால் அவரும் “நான்”. தன் கருத்து எதையும் சேர்க்கக் கூடாது, திட்டையும் குறைக்கக் கூடாது.

பயிற்சியாளருக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். “அவன் அங்கிட்டுத் திரும்புறப்ப நீ உள்ள புகுந்து, ஸ்டிக்க கீழ வச்சு, அவன் இவன்கிட்ட தட்டுறதுக்குள்ள...” என்று நீட்டினால், வினை வரும்வரை மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க முடியாது. வந்ததும் முதல் பாதி மறந்திருக்கும். ஒரு வாக்கியம், ஒரு வேலை, நிறுத்தம். கைப்பந்தில் டைம் அவுட் 30 நொடி. ஓடிவந்து நிற்பதிலும் தண்ணீர் குடிப்பதிலும் பத்து நொடி போனால் மிச்சம் 20. அதில் பாதி மொழிபெயர்ப்புக்கு. ஆக, பயிற்சியாளருக்குக் கிடைப்பது 10 நொடி, ஏழெட்டுச் சொல். கூடைப்பந்தில் ஒரு நிமிடம், ஹாக்கியில் கால் ஆட்டங்களுக்கு இடையே 2 நிமிடம்; அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது இரண்டு மொழியையும் விட வேகம். மொழிபெயர்ப்பாளர் அணி பெஞ்சில் உட்காரலாமா, அவரும் அதிகாரிகள் எண்ணிக்கையில் சேர்வாரா என்பதைப் போட்டி விதியில் முதல் நாளே பாருங்கள். ஆட்டம் தொடங்கியபின் நடுவர் அவரை வெளியே அனுப்பினால் யாரிடமும் முறையிட முடியாது.

பணம் அவர் கை வழியாகப் போகவே கூடாது. பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒட்டானியின் மொழிபெயர்ப்பாளர், நிழல்போலக் கூடவே இருந்தவர். அவர் ஒட்டானியின் வங்கிக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலரைச் சூதாட்டத்துக்காக எடுத்திருந்தது 2024-இல் வெளிவந்தது. வங்கியிடம் ஒட்டானிபோலவே தொலைபேசியில் பேசியிருக்கிறார். 2025 பிப்ரவரியில் 57 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நம் தொகைகள் சிறியவை, ஏமாறும் வழி ஒன்றுதான்: சிம் கார்டு மொழிபெயர்ப்பாளர் பெயரில், ஒருமுறைக் கடவுச்சொல் அவர் போனுக்கு, சம்பளம் அவர் கையில். வசதிக்காகச் செய்த மூன்றும் சேர்ந்தால் வீரருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. கணக்கு வீரர் பெயரில், செய்தி வீரரின் போனுக்கு, மொழி எதுவானாலும் தொகை இலக்கத்தில்.

மெஸ்ஸும் மருந்துக் கடையும்

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். ‘கால் வலிக்குது’ என்ற வாக்கியத்தோடு வீரர் மருத்துவரிடம் போனால் பயனில்லை. நம் ‘கால்’ இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் குறிக்கும். தொடை, முட்டி, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்ற ஐந்தையும், வலியின் வகையையும் கற்பியுங்கள்: குத்துது, எரியுது, இழுக்குது, மரத்துப்போச்சு, கிறுகிறுன்னு வருது. கடைசிச் சொல் மே மாத வெயிலில் உயிர்காக்கும் சொல்; அவர் அதைச் சொன்னால் அடுத்த நொடி நிழலுக்கு இழுக்க வேண்டும். கணுக்கால் பிசகினால் ஊரில் சுளுக்கு உருவுகிறவரிடம் கூட்டிப்போக நாலு பேர் தயாராக இருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று தெரியும்வரை யாரையும் தொடவிடாதீர்கள்.

அவசரத்துக்கு 108. அவரே அழைக்க நேர்ந்தால் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் “எங்கிட்டு இருக்கீங்க, பக்கத்துல என்ன இருக்கு?” என்பதாக இருக்கும். தங்கும் இடத்துக்கும் பயிற்சி இடத்துக்கும் ஒவ்வொரு அடையாளத்தை மனப்பாடம் செய்துவைக்கச் சொல்லுங்கள்: “ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம், மெயின் கேட்.”

ஒவ்வாமை உள்ளவருக்குக் ‘கடலை’ ஆபத்தான சொல். நிலக்கடலை, பொரிகடலை, கொண்டைக்கடலை மூன்றும் பேச்சில் கடலைதான். கடலைச் சட்னி என்றால் எதுவாகவும் இருக்கலாம். வறுத்ததா பொரித்ததா என்று கேட்பதற்குப் பதில், “நிலக்கடலை, கடலை எண்ணெய் ரெண்டும் ஆகாது. சாப்பிட்டால் மூச்சு அடைக்கும்” என்று தமிழில் அட்டையில் எழுதி, சட்டைப்பையில் வைத்து, மெஸ்ஸில் பரிமாறுபவரிடம் அல்ல, சமைப்பவரிடம் காட்ட வேண்டும்.

பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவிலும் குருமாவிலும் கசகசா அரைத்து விடுவது உண்டு. கசகசாவால் சிறுநீரில் மார்ஃபின் தென்படலாம். மார்ஃபின் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட பொருள். ஆட்டம் நெருங்கும் நாட்களில் சோதனைக்கு உட்படும் வீரருக்குச் சால்னா வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. (சொல்ல மனசு வராதுதான்.) மருத்துவரிடம் “சீக்கிரம் சரியாக ஒரு ஊசி போடுங்க” என்று உடன் போனவர் கேட்டுவிடுவதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. ஸ்டீராய்டு வகையான குளுக்கோகார்டிகாய்டு ஊசி எதுவானாலும் போட்டிக் காலத்தில் 2022 முதல் தடை. ட்ரமடால் வலி மாத்திரையும் அதேபோலப் போட்டிக் காலத்தில் 2024 முதல் தடை. சளிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தில் மடித்துத் தரும் மாத்திரையும், சேர்மானம் தெரியாத லேகியமும் கண்டிப்பாக வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “இவருக்கு ஊக்கமருந்துச் சோதனை உண்டு. எந்த மருந்தானாலும் பெயரை எழுதித் தாங்க.” சீட்டையும் அட்டையையும் போனில் படம் எடுத்து, தேதியோடு வையுங்கள்.

அந்தப் படங்கள் தேவைப்படும் இடம் சோதனை அறை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் சுருக்கப் பெயரும் ‘வாடா’தான்; ஆனால் இந்த வாடாவுக்குப் போயே ஆக வேண்டும். அழைத்துப்போகும்போது வீரர் தன்னோடு ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அவரையும் கேட்கலாம். குறைந்தது 90 மி.லி. சிறுநீர் தர வேண்டும். படிவத்தில் கடந்த 7 நாளில் உட்கொண்ட மருந்துகளையும் சத்துப் பொடிகளையும் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதை வரிவரியாகப் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்து. நடைமுறையில் ஏதாவது குறை இருந்தால் குறிப்புப் பகுதியில் தன் மொழியிலேயே எழுதலாமா என்று அங்குள்ள அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் அதே படிவத்தில் எழுதவைத்து, வீரருக்குரிய நகலை வாங்கி அன்று இரவே படம் எடுத்துவிடுங்கள்.